ஆதிரையும் வால்நட்சத்திரமும்

வானத்தில் புதுமை தோன்றினால் வையகத்திற்குத் தீங்கு நேரும் என்னும் அச்சம் நம் இல்லங்களினின்று இன்னும் அகன்றபாடில்லை. 2020-ஆம் ஆண்டில் திருவாதிரை மங்கிற்று, கொள்ளைநோய் பரவிற்று, வால்நட்சத்திரமும் தோன்றிற்று. ரயில்கள் நின்று, ஊர் செல்ல வழியின்றி நாம் தவித்த வேளையில், இம்மூன்றையும் ஒரே முடிச்சாக முடிந்தோர் பலர். உண்மை யாது?

திருவாதிரை ஒளி மாறும் விண்மீன். ஏறத்தாழ 400 நாட்களுக்கொரு முறை அதன் ஒளி ஏறி இறங்குவது இயல்பு. ஆயினும் 2019-இன் இறுதியில் மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் மூன்றில் ஒரு பங்களவிற்குக் குறைந்தது. அம்மீன் உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி அதன் முகத்தை மறைத்ததே காரணம் என்று ஹப்பிள் தொலைநோக்கியின் துணைகொண்டு அறிஞர் விளக்கினர். மே மாதத்திற்குள் பழைய ஒளி மீண்டது. நோயோ அதன் பின்னரே பெருகிற்று.

நியோவைஸ் என்னும் வால்நட்சத்திரத்தை அப்பெயருடைய விண்வெளித் தொலைநோக்கி 2020 மார்ச் 27-இல் கண்டது. உலகக் கொள்ளைநோய் என்னும் அறிவிப்பு மார்ச் 11-லேயே வந்துவிட்டது. பின்னர்க் காணப்பட்டது முன்னர் வந்த நோய்க்குக் காரணமாவது எங்ஙனம்? ஜூலை 3-இல் ஞாயிற்றை நெருங்கிய அது, 23-இல் நம்மிடமிருந்து சுமார் 10 கோடி கிலோமீட்டர் தொலைவில் கடந்து சென்றது. மீண்டு வர ஏறக்குறைய 6,800 ஆண்டுகளாகும்.

அன்பர்களே! மார்கழி இரவில் கீழ்வானில் செந்நிறமாய் ஒளிரும் ஆதிரையை நம் குழந்தைகளுக்குக் காட்டுவோம். தஞ்சையில் தெரியும் அதே மீன்தான் தில்லியிலும் மும்பையிலும் தெரிகிறது. அதனை அச்சமின்றி நோக்கக் கற்பிப்பது பெற்றோராகிய நம் கடமை.