தொட்டிக் கலவைக்கு முதலில் வேண்டியது காற்று

மாடித்தோட்டம் பற்றிப் பேச்செடுத்தாலே அது உரத்தில்தான் போய் நிற்கும். வேப்பம் புண்ணாக்கு எத்தனை பிடி, மண்புழு உரம் எத்தனை பங்கு, எலும்புத் தூள் போடலாமா, பஞ்சகவ்யம் எத்தனை நாளுக்கு ஒரு தடவை? எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் வளர்பையில் வாடி நிற்கும் கத்தரிச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால், பல சமயம் வேர் பழுப்பேறி, தொட்டால் தோல் உரிந்து, அழுகல் வாடை அடிக்கும். சத்துக் குறைந்த செடியின் வேர் அப்படி இருக்காது. மூச்சுமுட்டிய வேர்தான் அப்படி ஆகும். தொட்டிக் கலவையில் எந்தச் சத்து எவ்வளவு என்பது இரண்டாவது கணக்கு. தண்ணீர் வடிந்த பிறகு அதில் எவ்வளவு காற்று மிஞ்சுகிறது என்பதே முதல் கணக்கு. அது தப்பினால் மற்றதெல்லாம் வீண்.

வேரும் சுவாசிக்கிறது. அதற்கான ஆக்சிஜன் மண் துகள்களுக்கு இடையிலுள்ள இடைவெளிகள் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். அந்த இடைவெளிகளில் தண்ணீர் நிரம்பிவிட்டால் வழி அநேகமாக அடைபட்டுவிடும். காற்றில் ஆக்சிஜன் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் தண்ணீரில் அது சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவுகிறது. வயலில் இது பெரும்பாலும் சிக்கலாவதில்லை. கீழே ஆழமாகத் தொடரும் மண், மேல்மண்ணின் மிகை நீரை இழுத்துக்கொள்ளும். தொட்டியிலோ மண் சட்டென்று முடிந்துவிடுகிறது. அடித்துளை வரை வந்த நீர், நுண்துளைகளின் பிடிப்பை மீறிச் சொட்டும் அளவுக்கு அழுத்தம் இருந்தால்தான் வெளியேறும். அதனால் எல்லாத் தொட்டியின் அடியிலும் நீர் நிறைந்த ஒரு பட்டை எப்போதும் தங்கும். பாத்திரம் துலக்கும் பஞ்சை நீரில் தோய்த்து, சொட்டுவது நிற்கும் வரை படுக்கையாகப் பிடியுங்கள். பிறகு அதையே செங்குத்தாகத் திருப்பினால் மறுபடி நீர் வடியும். பஞ்சு அதேதான், உயரம் கூடியதால் நீர் கழன்றது. அடியில் தங்கும் பட்டையின் உயரத்தைத் தீர்மானிப்பது துளைகளின் அளவு. தொட்டியின் உயரம் அல்ல. ஒரு கலவையில் அது 5 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 10 செ.மீ. தட்டில் பாதி இடம் சகதி, 30 செ.மீ. பையில் ஆறில் ஒரு பங்குதான். ஆழம் குறைந்த தொட்டிக்குக் கூடுதல் பொலபொலப்பான கலவை வேண்டும் என்பது இதனால்தான்.

அடியில் ஓட்டுச் சில்லும் ஜல்லியும் பரப்பினால் நீர் வடிந்துவிடும் அல்லவா என்று கேட்கலாம். காலங்காலமாகச் செய்துவருவதுதான். ஆனால் மேலேயுள்ள நுண்துளைகள் தங்கள் பிடியிலுள்ள நீரை, கீழேயுள்ள பெரிய இடைவெளிகளுக்கு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. மண் முடியும் இடத்தில்தான் ஈரப்பட்டை தங்கும். ஜல்லி போட்டால் அந்த இடம் அத்தனை அங்குலம் மேலேறி, வேருக்கு மிஞ்சும் இடம் குறையும். துளை அடைபடாமல் இருக்க ஒரே ஒரு ஓட்டுத் துண்டு போதும். வடிகாலைத் திருத்த வேண்டுமானால் கலவை முழுவதையும் திருத்துவதே வழி.

தொட்டிக் கலவை வளர்ந்த கதையும் இதையே சொல்கிறது. 1930களில் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆய்வு நிறுவனத்தில் லாரன்ஸ், நியூவெல் என்ற இருவர் உருவாக்கிய கலவை 7 பங்கு மண், 3 பங்கு பீட் (சதுப்பு நிலத்தில் பாதி மக்கிய தாவரப் பொருள்), 2 பங்கு மணல் கொண்டது. மண்ணை முதன்மையாகக் கொண்ட அந்தக் கலவையிலேயே பன்னிரண்டில் ஐந்து பங்கு மண் அல்லாதது. அந்த மண்ணும் புல்தரையைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கி மக்கவைத்த, நாரோடிய மண். 1960களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் ஒரு படி மேலே போய், மண்ணே இல்லாமல் பீட்டும், வெர்மிகுலைட் என்ற லேசான கனிமமும் கொண்ட கலவையைப் பரப்பியது. அங்கே பீட் செய்யும் வேலையை இங்கே தேங்காய் நார்க்கழிவு செய்கிறது. தோட்டக்கலைத் துறை வழங்கும் மாடித்தோட்டத் தளைகளில் (கிட்) அது கட்டிகளாக இருப்பதற்குக் காரணம், தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொண்டும் காற்றுக்கு இடம் விடுகிறது என்பதே. எடைக் கணக்கும் அதற்குச் சாதகம். 12 அங்குல அகலமும் உயரமும் உள்ள பை ஏறத்தாழ 22 லிட்டர் கொள்ளும்; ஈரச் செம்மண்ணை மட்டுமே நிரப்பினால் 35 கிலோவைத் தொடும். மொட்டைமாடி அப்படி எத்தனை பைகளைத் தாங்கும்?

நார்க்கழிவிலும் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது உப்பு. அதில் சோடியமும் பொட்டாசியமும் மிகுதி. அலசினால் நீரில் கரைந்துள்ள உப்பு போய்விடும்; துகளோடு ஒட்டியிருப்பது போகாது. அதை விலக்க அந்த இடத்தில் கால்சியம் வந்து அமர வேண்டும். இல்லாவிட்டால் பிறகு கொடுக்கும் கால்சியத்தை நார்க்கழிவே பிடித்துக்கொண்டு, தக்காளிக் காயின் அடி கறுத்து அழுகும் வாய்ப்பைக் கூட்டும். சிறிது ஜிப்சம் கலப்பதன் பயன் இங்கேதான். இரண்டாவது குறை, கரிமத்துக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம். பச்சை நார்க்கழிவில் அது ஒன்றுக்கு நூறுக்கும் மேல். மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்கள் தேவைக்கான நைட்ரஜனைச் செடியின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். எளிதில் மக்காத லிக்னின் அதிகம் என்பதால் இது மரத்தூள் அளவுக்கு மோசமில்லை என்றாலும், இளம் செடி மஞ்சளிக்க அதுவே போதும். ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகச் சேர்த்து மக்கவைக்கும் முறையைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. விகிதம் 112-லிருந்து 24 அளவுக்கு இறங்கிவிடும்.

காற்று சரியான பிறகுதான் உரத்தின் முறை வருகிறது. அதுவும் காற்றை நம்பியே இருக்கிறது. புண்ணாக்கை வேர் அப்படியே உண்ணாது. நுண்ணுயிர்கள் அதை அம்மோனியமாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றித்தர வேண்டும். இரண்டாவது மாற்றத்தைச் செய்யும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கட்டாயம். சகதியில் அது முடங்கும். ஏற்கெனவே உருவான நைட்ரேட்டும் வாயுவாகிப் பறந்துவிடும். வேம்பிலுள்ள பொருள்கள் அம்மோனியம் நைட்ரேட்டாகும் மாற்றத்தைத் தாமதப்படுத்தும் என்பதால்தான் 2015 முதல் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசச் சொன்னது மத்திய அரசு. வேப்பம் புண்ணாக்கில் நைட்ரஜன் 4, 5 சதவீதம். ஒரு பைக்கு 50 முதல் 100 கிராம் போதும். ஈரக் கலவையில் சேர்த்து இரண்டு வாரம் நிழலில் வைத்த பிறகே நட வேண்டும். உடனே நட்டால் புண்ணாக்கு சிதையும் சூடும் அம்மோனியாவும் இளவேரைக் கருக்கும். எலும்புத் தூள் கரைய அமிலத்தன்மை வேண்டும். உப்பும் காரமுமான ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றும் இடங்களில் அதன் பாஸ்பரஸ் பெரும்பாலும் தூளாகவே கிடக்கும்.

பாட்டி காலத்தில் தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளிப் போட்டுச் செடி வளர்க்கவில்லையா? வளர்த்தார்கள். அன்றைய தொட்டி சுட்ட மண்ணாலானது. அதன் சுவரே நீரை ஆவியாக வெளியேற்றிக் காற்றை உள்ளே விடும். அடி திறந்து தரையோடு சேர்ந்த துளசி மாடத்தில் நீர் கீழே போக வழியிருந்தது. பிளாஸ்டிக் தொட்டி இரண்டையும் பறித்துவிட்டது. அதற்காக மண்ணே வேண்டாம் என்று சொல்லிவிடவும் முடியாது. செம்மண்ணிலுள்ள களிமண் சத்துகளைப் பிடித்துவைத்து மெல்ல விடும். வெயில் நாளில் ஒரு வேளை தண்ணீர் தவறினாலும் செடி தாங்கும். செம்மண், நார்க்கழிவு, மக்கிய தொழுவுரம் ஒவ்வொரு பங்கு என்ற நம் ஊர் வழக்கம் நியாயமான தொடக்கமே. மண் களியாக இருந்தால் அதன் பங்கைக் குறைத்து, கருக்கிய உமியைக் கூட்டலாம்.

எது சரியான அளவு என்பதைச் சோதித்தே அறியலாம். அடியில் துளையிட்ட ஒரு லிட்டர் டப்பாவின் துளைகளை அடைத்து, கலவையை நிரப்பி, மேல்வரை ததும்பும் வரை நீரை மெல்ல ஊற்றி ஊறவிடுங்கள். பிறகு துளையைத் திறந்து, வடியும் நீரை அளந்து பாருங்கள். 150 மி.லி. வடிந்தால் கலவையில் காற்று 15 சதவீதம். பத்துக்குக் கீழே போனால் வேருக்கு ஆபத்து. 15 முதல் 25 வரை நல்லது. கரிமப் பொருள் மக்கிக் கலவை அமுங்கும் என்பதால் ஒவ்வொரு பருவத்துக்கும் இதைத் திரும்பச் செய்து, எண் இறங்கியிருந்தால் பொலபொலப்பைக் கூட்டிய பிறகே அடுத்த மூட்டை உரத்துக்குக் காசு செலவழிக்கலாம்.