தண்ணீர் எந்த வழியால் வருகிறது?

ஒவ்வொரு மாரிக்கும் எங்கள் வீட்டுச் சுவர் ஓதம் ஏறும். கார்த்திகையில் ஒரு சாண் உயரத்தில் நிற்கும் ஈரம் மார்கழியில் இடுப்பளவுக்கு வந்துவிடும். பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். தை பிறந்தால் காய்ந்துவிடும்தானே என்று நானும் பேசாமல் இருந்துவிடுவேன்.

ஒரு வருடம் அலுமாரியின் அடித்தட்டைத் திறந்தபோது பூஞ்சண மணம் அடித்தது. பையில் கட்டி வைத்திருந்த பத்திரங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், காணிப் பத்திரம், என் கணவரின் மரணச் சான்றிதழ். அதிலிருந்த முத்திரை கரைந்து நீலமாகப் பரவியிருந்தது. அந்த ஒரு தாளுக்காக நான் எத்தனை நாள் எத்தனை வாசலில் நின்றேன் என்பதை, சகோதரிகளே, உங்களில் பலருக்கு விளக்கத் தேவையில்லை.

அன்றைக்குத்தான் இந்த ஓதத்துக்கு ஒரு முடிவு காணவேண்டும் என்று நினைத்தேன்.

எங்கள் வீடுகளின் கதை

தம்பிலுவில் கடலுக்கும் களப்புக்கும் நடுவில் இருக்கும் ஊர். 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியால் இலங்கையில் ஆகக்கூடிய உயிர்கள் போனது எங்கள் அம்பாறை மாவட்டத்தில்தான். கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் சொன்னார்கள். முழுதாக உடைந்த வீட்டுக்கு அரசாங்கம் 250,000 ரூபாவைக் கட்டம் கட்டமாகக் கொடுத்தது. வேறு வீடுகளைத் தொண்டு நிறுவனங்கள் கட்டிக் கொடுத்தன. யுத்தமும் நடந்துகொண்டிருந்த காலம் அது. தறப்பாளுக்குக் கீழ் கிடந்த எங்களுக்கு ஒரு கூரை கிடைத்ததே பெரிது. மண் நல்லதா, சீமெந்துக் கலவை சரியா என்று யார் கேட்டோம்?

அந்த வீடுகளுக்கு இப்போது ஏறத்தாழ இருபது வயது. வீட்டைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் எங்களைப் போன்ற பெண்கள்தான்.

இரண்டு முறை ஏமாந்தேன்

சீட்டுக் காசை எடுத்து இரண்டு முறை சுவரைக் கொத்திப் பூசுவித்தேன். இரண்டாவது முறை கண்ணகி அம்மன் குளிர்த்திக்கு முன்னர், வைகாசியில் வேலை முடிந்தது. சுவர் புதுசாகப் பளிச்சென்று இருந்தது. அடுத்த கார்த்திகையில் அதே இடத்தில், முன்னரைவிட ஒரு சாண் உயரமாக ஓதம் ஏறியிருந்தது.

மூன்றாவது முறை, தண்ணீர் புகாத பெயின்ற் வாங்கலாம் என்று அக்கரைப்பற்றில் ஒரு ஹாட்வெயார் கடைக்குப் போனேன். கடைக்கார நானா வாளியை எடுத்துத் தராமல் என்னைக் கேட்டார்:

"தங்கச்சி, தண்ணி எந்த வழியால வருதெண்டு பாத்தீங்களா? பெயின்ற் வித்தா எனக்கு லாபம்தான். வழிய அடைக்காமப் பூசினா அடுத்த மாரிக்கும் நீங்க இங்கதான் வந்து நிப்பீங்க."

நான் பார்த்திருக்கவில்லை. அன்று வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பினேன். அதன் பிறகு நானே என் வீட்டைச் சோதித்தேன். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் வயதான மேசன் மாமா கூட நின்று சொல்லித் தந்தார். அதை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் நேரத்தைப் பாருங்கள்

மழை பெய்யும்போதே ஈரம் தெரிந்தால் அது பெரும்பாலும் கூரையால் அல்லது யன்னல் ஓரத்தால் வருகிறது. மழைக்காலம் முழுவதும் அடிச்சுவரில் மெல்ல மெல்ல ஏறினால் நிலத்திலிருந்து வருகிறது. மழையே இல்லாத நாளிலும் புழுக்கமான நேரத்தில் சுவர் நசநசத்தால் உப்பைச் சந்தேகிக்க வேண்டும். உப்புக் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கழுவாத கடல் மண்ணில் பூசிய சுவர்களில் இது அதிகம்.

ஈரத்தின் எல்லையைப் பென்சிலால் கீறி, பக்கத்தில் திகதியை எழுதுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை பாருங்கள். ஈரம் எங்கிருந்து எங்கே நடக்கிறது என்பது அந்தக் கோடுகளில் தெரியும்.

மேலிருந்து வருகிறதா?

கூரையில் ஒழுகும் தண்ணீர் நேராகக் கீழே விழுவதில்லை. றீப்பை வழியாக ஓடி, வேறோர் இடத்தில்தான் சொட்டும். என் வீட்டு மண்டப மூலையில் கறை இருந்தது. முகட்டு ஓட்டுச் சாந்து வெடித்திருந்த இடமோ ஐந்தடி தள்ளி இருந்தது. பகலில் உள்ளே இருட்டாக்கி மேலே பார்த்தால் வெடிப்பால் வெளிச்சம் தெரியும். மழை இல்லாத நாளில் ஒருவர் குழாயால் கூரைக்குத் தண்ணீர் அடிக்க, மற்றவர் உள்ளே ரோச் லைற்றோடு நிற்கலாம். கீழ் வரிசையில் தொடங்கி மெதுவாக மேலே போகவேண்டும். மேலே தொடங்கினால் எங்கும் நனைந்து, எந்த இடம் என்று தெரியாமல் போய்விடும்.

அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் மேலே ஏறாதீர்கள். காய்ந்த சீற்றைச் சுரண்டவோ உடைக்கவோ கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

பக்கத்தால் வருகிறதா?

வாடைக் காற்றோடு வரும் மழை கடல் பக்கச் சுவரில்தான் அடிக்கும். அந்தப் பக்கத்து யன்னல் நிலைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு கடதாசியைச் செருகிப் பாருங்கள். கடதாசி போகும் இடத்தால் தண்ணீரும் போகும். யன்னல் அடிக்கட்டு வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். நிலையின் மரத்தை விரலால் அழுத்தினால் பொதுபொதுவென்று இருக்கக்கூடாது. அப்படி இருந்தால் ஈரம் நெடுநாளாக அங்கே இருக்கிறது, கறையானும் வந்திருக்கலாம்.

கீழிருந்து வருகிறதா?

என் வீட்டின் பெரிய நோய் இங்கேதான் இருந்தது. ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை அலுமாரிக்குப் பின்னால் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் ரேப்பால் இறுக ஒட்டினேன். இரண்டு நாளில் பொலித்தீனின் உட்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. ஈரம் சுவருக்குள்ளே இருக்கிறது என்பது அதன் அர்த்தம். வெளிப்பக்கம் மட்டும் வியர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். யன்னலைத் திறந்து காற்று விடவேண்டும்.

மேசன் மாமா வீட்டின் வெளிப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்ச பாரு புள்ள, இந்த மண்ண ஆரு போட்டது?"

நான்தான் போட்டேன். 2011 ஜனவரி வெள்ளத்தில் வளவுக்குள் தண்ணீர் நின்றதால், பிறகு கடல் மண் ஏற்றிச் சுவரோடு உயர்த்தி நிரப்பியிருந்தேன். அத்திவாரத்துக்கு மேல் ஈரம் ஏறாமல் ஒரு தடுப்புப் படை வைப்பார்கள். என் மண் அந்தப் படைக்கும் மேலே ஏறி நின்றது. மழைத் தண்ணீரும் உப்பும் தடுப்பைத் தாண்டி நேரே சுவருக்குள் போயிருக்கின்றன. உள்ளே பூசிய சீமெந்து ஈரத்தை வெளியேற விடாமல் இன்னும் மேலே தள்ளியிருக்கிறது. நான் இரண்டு முறை காசு கொடுத்துச் செய்தது இதைத்தான்.

என்ன செய்தேன்?

மகனும் நானும் இரண்டு நாள் மண்வெட்டி பிடித்தோம். சுவரைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு மண்ணை அள்ளி, உள் நிலத்தைவிட அரை அடி தாழ்த்தி, வெளிப்பக்கம் சரிவாக்கினோம். அதற்குக் காசு செலவில்லை. முகட்டுச் சாந்துக்கும் யன்னல் ஓரத்துக்கும் மேசன் மாமாவுக்கு ஒரு நாள் கூலி கொடுத்தேன்.

உடனே பூசவில்லை. ஓர் அங்குலத் தடிப்புச் சுவர் காய ஏறத்தாழ ஒரு மாதம் என்பது கட்டிட வேலை தெரிந்தவர்களின் கணக்கு. ஈரக் கோட்டுக்கு மேல் ஓரடி வரை பூச்சைக் கொத்திவிட்டு, கச்சான் காற்றில் ஆடி மாதம் வரை சுவரைக் காயவிட்டேன். வெள்ளையாகப் பூத்த உப்பைத் தண்ணீரால் கழுவாமல், காய்ந்த தூரிகையால் தட்டி எடுத்தேன். கழுவினால் உப்பு திரும்பவும் சுவருக்குள்ளேயே போகும். அதன் பிறகுதான் ஆற்று மண்ணில் பூசினோம்.

ஓதம் சின்ன விடயமல்ல

ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இருப்பவர்களுக்கு இழுப்பு, இருமல் போன்ற சுவாச நோய்கள் கூடுதலாகக் காணப்படுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. என் மகளுக்கு இழுப்பு உண்டு. அது முற்றாக நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் மார்கழி இரவுகளில் இப்போது அவள் நித்திரை கொள்கிறாள்.

இங்கிலாந்தில் சக்கரத்தில் ஓடும் வீட்டு வாகனங்கள் வைத்திருப்பவர்கள், வருடத்துக்கு ஒருமுறை இரண்டு ஊசியுள்ள ஈரமானியை மூலைமூலையாக அழுத்திச் சோதிப்பார்களாம். எங்களிடம் அந்தக் கருவி இல்லை. உப்பு ஏறிய சுவரில் அது கூட்டியும் காட்டும். கண், கை, மூக்கு, ஒரு துண்டுப் பொலித்தீன், ஒரு பென்சில் நமக்குப் போதும். அவர்களிடம் இருந்து எடுக்கவேண்டியது வருடா வருடம் பார்க்கும் பழக்கத்தைத்தான். புரட்டாதியில் மழைக்கு முன்னர் ஒருமுறை, முதல் பெருமழை அன்று ஒருமுறை வீட்டைச் சுற்றி வாருங்கள். தனியாக இருப்பவர்கள் பக்கத்து வீட்டுச் சகோதரியையும் கூப்பிட்டு இரண்டு வீட்டையும் பாருங்கள்.

அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். பத்திரங்களை மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில், மேல் தட்டில் வையுங்கள். பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்கள் பழுதானால் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் புதிய பிரதி எடுக்கலாம். நானும் அப்படித்தான் எடுத்தேன்.

முத்திரை கரைந்த பழைய தாளை நான் எறியவில்லை. இரண்டும் இப்போது அந்தப் பெட்டிக்குள் காய்ந்தபடி இருக்கின்றன.