கண்ணாடித் தொட்டியில் கடல்நீர்: உவர்ப்பை அளத்தல்

உட்லண்ட்ஸ் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர், ஜொகூர் நீரிணை அருகிலிருக்க உப்புக்கு அளவு எதற்கு என எண்ணக்கூடும். அந்நீர் ஒருநிலைப்பட்டதன்று. 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலம் நீரிணையை இரண்டாகத் தடுத்தது. ஆற்றுநீரும் மழைநீரும் கலக்குந்தோறும் உவர்ப்பு இறங்கும். பெருங்கடலின் சராசரியோ கிலோவுக்கு 35 கிராம்.

இவ்வெண்ணிற் சிறிது பிசகினால் என்ன? மீன், கடல்நீரைக் குடித்து, மிகுந்த உப்பைச் செவுள் வழியே கழித்துச் சமாளிக்கும். நட்சத்திரமீனுக்கு அவ்வசதி இல்லை. புறநீரின் உவர்ப்பே அதன் உடல்நீரின் உவர்ப்பு. திடீர் மாற்றம் அதனைக் கொன்றுவிடும்.

எளிய கருவி மிதக்கும் நீர்மானி. தூத்துக்குடி உப்பளத்தார் பாத்தியின் பக்குவம் அறியக் கையாள்வதும் இவ்வினக் கருவியே. இதன் தண்டில் ஒட்டிய காற்றுக் குமிழி அளவை உயர்த்திக் காட்டும். படிந்த உப்பு தாழ்த்திக் காட்டும். இவற்றினும் பெரிய பிழை வெப்பத்தால் வருவது. 15 பாகைக்கென வரையப்பட்ட நீர்மானியை 28 பாகை நீரிலிட்டால், கிலோவுக்குச் சுமார் 4 கிராம் குறைத்துக் காட்டும். குளிர்நாட்டுக் கருவியை நம்பிச் சிங்கப்பூரில் உப்பைக் கூட்டுபவர், 35 என நினைத்து 39இல் உயிர்களை வாழவிடுகிறார்! கருவியில் பொறித்த வெப்பநிலையை முதலிற் படித்தல் வேண்டும்.

ஒளிவிலகல்மானிக்கு ஒரு சொட்டு நீரே போதும். வடிநீரில் சுழியம் காட்டினால் கருவி சரியென்பர் பலர். அஃது அரைச் சோதனையே. இவற்றுட் பல, கடல்நீருக்கன்றி வெறுஞ் சோற்றுப்புக் கரைசலுக்கென அமைந்தவை, 35ஐ 36.5 எனக் காட்டும். ஆகலின் 36.5 கிராம் தூய சோற்றுப்பை 963.5 கிராம் வடிநீரிற் கரைத்துக் கொள்க. இக்கரைசலின் ஒளிவிலகல் எண், 35 கிராம் உவர்ப்புள்ள கடல்நீரின் எண்ணே. கடல்நீருக்கென அமைந்த கருவி இதனை 35 எனக் காட்டுமாறு திருகைச் சரிசெய்யலாம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் மாணவரே செய்யத்தக்கது இது. தராசு மட்டும் நல்லதாயிருத்தல் வேண்டும்.

கடலாய்வாளர் 1978ஆம் ஆண்டின் அளவுத்திட்டத்தின்படி மின்கடத்துதிறனைக் கொண்டு உவர்ப்பைக் கணிக்கின்றனர். வீட்டுக்கும் அவ்வகைக் கருவி கிடைக்கிறது. ஆனால் மேற்சொன்ன கரைசல் அதற்குப் பொருந்தாது. அதற்குரிய கரைசலைத் தனியே வாங்குதல் வேண்டும்.