தள்ளாடாதவனுக்குத்தான் ஆபத்து

எல்லா நண்பர் கூட்டத்திலும் அப்படி ஒருவன் இருப்பான். "மச்சான் எவ்வளவு அடிச்சாலும் ஸ்டெடியா நிப்பான்டா" என்று மற்றவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பதினெட்டு, இருபது வயதில் கிடைக்கும் இந்தப் பட்டத்தை மூளை ஆய்வாளர்களிடம் காட்டினால் முகம் சுளிப்பார்கள். ஏன் என்று அறிய, உள்ளே போன மதுவின் பின்னாலேயே நாமும் போக வேண்டும்.

போதை தரும் பொருள் எத்தனால். அதன் மூலக்கூறில் ஒன்பதே அணுக்கள். நீரில் கரையும், கொழுப்புப் படலத்தையும் ஊடுருவும். மூளைக்குள் ஓடும் நுண்குழாய்களின் சுவர் மிகக் கறாரானது, எத்தனையோ மருந்துகளையே உள்ளே விடாது. 'குருதி–மூளைத் தடுப்பு' என்று அதற்குப் பெயர். எத்தனால் அதைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. அளவுதான் இன்னும் வியப்பு. 60 கிலோ எடையுள்ள இளைஞன் ஒரு குவார்ட்டரை, அதாவது 180 மில்லி பிராந்தியை, மளமளவென்று குடித்தாலும் அவன் இரத்தத்தில் ஓடும் தூய எத்தனால் இரண்டு டீஸ்பூனைத் தாண்டாது. 100 மில்லி இரத்தத்துக்குச் சுமார் 150 மில்லிகிராம். வண்டி ஓட்டுபவருக்கு நம் சட்டம் விதித்திருக்கும் உச்ச வரம்பு 30.

அந்த இரண்டு ஸ்பூன் செய்யும் வேலையைப் பாருங்கள். நரம்பணுக்களை அடக்கிவைக்கும் வேதிப்பொருள் காபா, கிளப்பிவிடுவது குளூட்டமேட். எத்தனால் முன்னதன் கையை ஓங்கவைத்து, பின்னதன் வாயை அடைக்கிறது. முதலில் கூச்சம் போகிறது, பிறகு நிதானம், பிறகு நடை. இதற்கிடையே சத்தமில்லாமல் இன்னொன்றும் போகிறது. மூளையின் அடிப்புறத்தில், காதுகளுக்கு உட்பக்கமாக இருக்கும் 'ஹிப்போகேம்பஸ்' என்ற பகுதிதான் அன்றன்றைய நிகழ்ச்சிகளை நினைவாகப் பதிகிறது. குளூட்டமேட் சமிக்ஞை தடைபட்டால் அந்தப் பதிவு நின்றுவிடும்.

1970 வாக்கில் அமெரிக்க மனநல மருத்துவர் டொனால்டு குட்வின் இதைக் கொஞ்சம் குறும்பாகவே சோதித்தார். குடிப்பழக்கம் உள்ள சிலருக்கு மது கொடுத்தபின், கையில் வாணலியுடன் வந்து பசிக்கிறதா என்று விசாரித்தார். வாணலிக்குள் இருப்பது மூன்று செத்த எலிகள் என்றும் சொன்னார். இரண்டு நிமிடம் கழித்துக் கேட்டபோது எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். அரை மணி நேரம் கழித்துப் பாதிப்பேருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியவில்லை. மறுநாளும் அதே கதைதான். பதிந்தது மறந்துபோகவில்லை, பதியவே இல்லை. ஆனால் இரண்டு நிமிட நினைவு கையில் இருப்பதால் அந்த ஆள் பேசுவான், சிரிப்பான், பைக் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பவும் செய்வான்.

இனி வயதுக்கு வருவோம். பிள்ளைகளுக்கு மது கொடுத்துச் சோதிக்க முடியாது, எனவே எலிகள். பிறந்து நான்கு வாரத்தில் எலிக்கு விடலைப் பருவம் தொடங்கிவிடும். மயங்கும் அளவுக்கு எத்தனால் ஏற்றி, மல்லாக்கப் போட்டு, எப்போது புரண்டு எழுகிறது என்று பார்த்தார்கள். விடலை எலிகள் வளர்ந்த எலிகளைவிடச் சீக்கிரமே எழுந்து ஓடின. அவற்றுக்குத் தள்ளாட்டமும் குறைவு. பலே என்று தோன்றும். ஆனால் டியூக் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஸ்வார்ட்ஸ்வெல்டரின் குழு எலிகளைத் தண்ணீர்த் தொட்டியில் நீந்தவிட்டு, நீருக்கடியில் மறைந்திருக்கும் மேடையின் இடத்தைக் கற்கவைத்தபோது நிலைமை தலைகீழானது. வளர்ந்த எலிகள் சமாளித்துக் கற்ற அதே அளவு மதுவில், விடலை எலிகள் திணறின.

"போதும், நிறுத்து" என்று உடம்பு சொல்லும் வழிகள்தான் தூக்கமும் தள்ளாட்டமும். இளவயதில் அந்த எச்சரிக்கை தாமதமாக வருகிறது. நினைவின் சேதமோ முன்கூட்டியே வந்துவிடுகிறது. ஸ்டெடியாக நிற்பவன் அடுத்த ரவுண்டு ஊற்றுவதற்குக் காரணம் இதுதான்.

தடுக்க வேண்டியது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை. அது தளம் போட்டு இன்னும் முட்டுப் பிரிக்காத வீடு. நரம்பிழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்புறை படர்ந்து சமிக்ஞை வேகமெடுப்பதும், பயன்படாத இணைப்புகள் கழிக்கப்படுவதும் ஏறத்தாழ 25 வயதுவரை நடக்கின்றன. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. மூளை இன்னும் நான்கு வருடம் கேட்கிறது. 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்கள் பின்னாளில் குடிக்கு அடிமையாவது, 21-இல் தொடங்கியவர்களைப் போல நான்கு மடங்கு என்று 1990-களின் பிற்பகுதியில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு கண்டது. பரம்பரையும் வீட்டுச் சூழலும் இதில் கலந்திருக்கின்றன என்றாலும் சிறிய வேறுபாடு அல்ல இது.

உள்ளே போனதை வெளியேற்றும் பொறுப்பு கல்லீரலுடையது. சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதையரிடம் ஒரு நொதியில் ஏற்பட்ட சின்ன மாற்றம், எத்தனாலைச் சிதைக்கும் திறனைப் பல மடங்கு கூட்டியது. மரத்தடியில் விழுந்து நொதித்த பழங்களைத் தின்றதால் வந்த வரம் என்று கருதுகிறார்கள். பழத்துக்கு வந்த வரம் குவார்ட்டருக்குப் போதவில்லை. மணிக்கு ஏழெட்டு கிராம்தான் கல்லீரலின் வேகம். குவார்ட்டரில் இருப்பது 60 கிராம். எட்டு மணி நேரமாவது ஆகும். மோரோ எலுமிச்சையோ காபியோ தலைக்குக் குளியலோ இந்தக் கணக்கை மாற்றாது.

ஆகவே, போதையில் சாய்ந்த நண்பனை "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று விட்டுவிடாதீர்கள். வயிற்றில் மிச்சமிருப்பது அவன் சாய்ந்த பிறகும் இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். மூச்சு மந்தமாகலாம், வாந்தி மூச்சுக்குழாயை அடைக்கலாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பக்கத்திலேயே இருங்கள். உலுக்கியும் கண் திறக்கவில்லை என்றால் உடனே 108-ஐ அழையுங்கள்.