வைக்கோலுக்குத் துணை அகத்தியா, அசோலாவா?

நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. இந்த ஆறுகள் பாயும் ஊர்களில் நெல்லுக்குப் பஞ்சமில்லை; ஆகவே வைக்கோலுக்கும் பஞ்சமில்லை. பசுந்தீவனத்துக்குத்தான் இடமில்லை. குறுவை, சம்பா, தாளடி என்று நிலம் நெல்லுக்குப் போகிறது. தை, மாசியில் தரிசில் உளுந்தும் பயறும் வருகின்றன. மாட்டுக்கு மிஞ்சுவது வைக்கோலும் வரப்புப் புல்லும்தான்.

வைக்கோல் வயிற்றை நிரப்பும், மடியை நிரப்பாது. அதில் உள்ள புரதம் 3 முதல் 4 சதவீதமே. அசைபோடும் கால்நடைகளின் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தான் நாரைச் செரிக்கச் செய்கின்றன. அவை நன்கு வேலை செய்யத் தீவனத்தில் ஏறக்குறைய 7 சதவீதமாவது புரதம் வேண்டும். அது குறைந்தால் தின்ற வைக்கோலும் முழுவதாகச் செரிப்பதில்லை. இந்தக் குறையைப் புண்ணாக்கு வாங்கி ஈடுசெய்கிறார்கள். ஒன்றிரண்டு மாடுகள் வைத்திருக்கும் நிலமற்ற குடும்பங்களில் பால் பணம் ஒரு கையில் வந்து மறு கையில் புண்ணாக்குக் கடைக்குப் போய்விடுகிறது. கோழிப் பண்ணைகளின் நிலையும் வேறல்ல. 2021-இல் சோயாப் புண்ணாக்கு விலை கட்டுக்கடங்காமல் ஏறியபோது, மத்திய அரசு 12 லட்சம் டன் இறக்குமதிக்கு அனுமதி அளிக்க வேண்டி வந்தது.

இதற்கு மாற்றாக இப்போது அதிகம் பேசப்படுவது அசோலா. நீரில் மிதக்கும் சிறு பெரணி இது. இதன் இலைக் குழிகளில் தங்கியிருக்கும் நீலப் பச்சைப் பாசி காற்றிலுள்ள தழைச்சத்தை இழுத்துத் தருகிறது. வியட்நாமிலும் சீனாவிலும் நெடுங்காலமாக இதை நெல் வயலுக்கு உரமாக இட்டு வந்திருக்கிறார்கள். நம் பகுதியிலும் முதலில் நெல்லுக்கு உயிர் உரமாகவே இது அறிமுகமாயிற்று. மாட்டுத் தீவனமாக இதைப் பரப்பியதில் கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

வளர்ப்பது எளிது. நிழலான இடத்தில் 2 மீட்டர் நீள அகலத்தில் பாத்தி கட்டிப் பாலிதீன் விரிப்புப் போட்டு, சலித்த மண் 10 முதல் 15 கிலோ பரப்பி, 2 கிலோ சாணமும் 30 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் கரைத்து ஊற்றி, 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விட்டால் போதும். ஒரு கிலோ விதை அசோலா இரண்டு வாரத்தில் பாத்தியை மூடிவிடும். பிறகு நாள்தோறும் ஏறக்குறைய அரைக் கிலோ எடுக்கலாம். ஐந்து நாளுக்கு ஒரு முறை சிறிது சாணமும் சூப்பர் பாஸ்பேட்டும் இட வேண்டும். மணிச்சத்து குறைந்தாலும் சித்திரை வெயில் நேராக அடித்தாலும் அசோலா சிவந்து சுருங்கும். சாண வாடை போகக் கழுவிக் கொடுக்காவிட்டால் மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்.

ஆனால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். அசோலாவில் 20 முதல் 25 சதவீதம் புரதம் என்பது உலர்ந்த எடைக்குத்தான். பச்சை அசோலாவில் நூற்றுக்கு 93 பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோவைக் காயவைத்தால் 60 கிராம்தான் தேறும். அதில் புரதம் 12 முதல் 15 கிராம். ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கில் 400 கிராமுக்குக் குறையாமல் உண்டு. ஒரு பாத்தியின் ஒரு நாள் அசோலாவில் உள்ள புரதம் ஒரு பிடிப் புண்ணாக்கில் இருக்கிறது. அசோலாவை நம்பிக் கறவை மாட்டின் புண்ணாக்கை நிறுத்தினால் பால் வற்றும். அப்புறம் பாத்தியும் கவனிப்பாரற்றுக் காயும்.

அதனால் அசோலா வீண் என்பதில்லை. அதன் இடம் மாட்டுத் தொட்டியைவிடக் கோழிக் கூடை. நொய்யும் தவிடும் தின்னும் வீட்டுக் கோழிக்கு லைசின் என்ற புரதக்கூறு போதாது. அசோலாவில் அது நல்ல அளவில் உள்ளது. முட்டையின் மஞ்சள் கருவுக்கும் நல்ல நிறம் வரும். வாத்துகளுக்கோ இது விருப்பத் தீனி. பத்துப் பன்னிரண்டு கோழிகளுக்கு ஒரு பாத்தி போதும். தானியத் தீனியை நிறுத்தாமல், இதைக் கூடுதலாகத்தான் கொடுக்க வேண்டும்.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் டெல்டாவிலேயே இருக்கும் புரத மரம் அகத்தி. அமாவாசையன்று ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கிப் பசுவுக்குக் கொடுக்கிறவர்கள் மற்ற நாட்களில் அதை மறந்துவிடுகிறார்கள். ஒரு கிலோ பச்சை அகத்தி இலையில் ஏறக்குறைய 80 கிராம் புரதம் உண்டு. அந்த அளவு புரதம் வேண்டுமானால் அசோலாப் பாத்தியில் 12 நாள் அள்ள வேண்டும். காம்பு நீக்கிய இலை 3 கிலோ, அரைக் கிலோ கடலைப் புண்ணாக்குக்குச் சற்று மேலான புரதத்தைத் தரும். ஒரு வாரம் சிறிது சிறிதாகப் பழக்கி வைக்கோலுடன் கலந்து கொடுக்கலாம். கோழிக்கு அகத்தி ஆகாது.

வெற்றிலைக் கொடிக்காலில் பழகியவர்களுக்கு அகத்தியின் குணம் தெரியும். மொட்டையாக வெட்டினால் பட்டுப்போகும். பக்கக் கிளைகளை மட்டும் மாற்றி மாற்றி ஒடிக்க வேண்டும். மெல்லிய மரம், காற்றுக்குத் தாங்காது. 2018 நவம்பரில் கஜா புயலில் தென்னையே சாய்ந்த பகுதி இது. ஆண்டுதோறும் சில கன்றுகளைப் புதிதாக வைத்து வருவதே வழி. ஆடி, ஆவணியில் வீட்டு வேலியோரமும் அகலமான வரப்பிலும் விதைத்தால், ஐப்பசி மழைக்குள் வேரூன்றிவிடும். எட்டு மாதத்தில் முதல் தழை எடுக்கலாம்.

சவுண்டல் என்னும் சூபாபுல் இலையிலும் புரதம் மிகுதி. ஆனால் தண்ணீர் தேங்கும் களிமண்ணை அது தாங்காது. மேட்டுக் கொல்லைக்கே சரி. அதிலுள்ள மைமோசின் என்னும் நச்சால் மயிர் உதிரும். பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

தண்ணீர் வடியும் கொல்லை உள்ளவர்களுக்கு வேலிமசால் ஏற்றது. விதைத்து 90 நாளில் முதல் அறுப்பும், பிறகு 40 நாளுக்கு ஓர் அறுப்பும் கிடைக்கும். விதைத்தோல் கடினமானது. கொதித்த நீரை இறக்கிச் சூடு சற்று தணிந்ததும் விதையை ஐந்து நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். மேலும் விவரம் வேண்டுவோர் நீடாமங்கலம் வேளாண்மை அறிவியல் நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.