மானுக்கு ஒரு வில்லை, மீனுக்கு இன்னொன்று

எம்மவர் இல்லங்களிற் கமரா இல்லாத இல்லம் அரிது. பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, ஊருக்கு அனுப்பும் குடும்பப் படம் என்பவற்றுடன் அதன் பணி பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆயினும், இங்கு வளரும் பிள்ளைகளுட் சிலர் பறவையையும் மானையும் மீனையும் படம்பிடிக்க ஆவல் கொள்கின்றனர். பெற்றோரும் தவணைப் பணத்தில் விலையுயர்ந்த கமரா ஒன்றை வாங்கிக் கொடுக்கின்றனர். அதனுடன் பெட்டியில் வரும் 18-55 மி.மீ. வில்லையால் மானும் அகப்படுவதில்லை, மீனும் தெளிவதில்லை. தவணைச் சீட்டு மட்டும் மாதந்தோறும் தவறாது வருகிறது. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராத குடும்பத்துக்கு இது சிறு சுமையன்று.

இலண்டனில் வாழ்வோருக்கு ரிச்மண்ட் பூங்கா நல்ல பயிற்சிக் களம். 1637 இல் முதலாம் சார்ள்ஸ் மன்னன் வேட்டைக்காக வேலியடைத்த நிலம் இது. இன்று நுழைவுக் கட்டணமின்றி எவரும் செல்லலாம். மான்களிலிருந்து குறைந்தது 50 மீற்றர் விலகி நிற்கவேண்டும் என்பது அங்குள்ள அறிவுறுத்தல். ஒக்ரோபர் மாத இணைசேரும் பருவத்தில் கலைமான்கள் மூர்க்கங் கொள்வதால் இது வெறும் சம்பிரதாயம் அன்று. வில்லையைத் தீர்மானிப்பதும் இந்த 50 மீற்றரே. சாதாரண கமராவின் உணரி ஏறத்தாழ 23.5 மி.மீ. அகலமானது. 55 மி.மீ. வில்லையூடாக 50 மீற்றருக்கு அப்பால் 21 மீற்றர் அகலமான புல்வெளி படத்தில் விழும். மான் அதில் ஒரு புள்ளி. 300 மி.மீ. வில்லையில் அவ்வகலம் 4 மீற்றருக்குக் குறுகிவிடும். மான் படத்தின் அரைவாசியை நிரப்பும். ஆகவே 70-300 மி.மீ. வில்லை தொடக்கத்துக்குப் போதும். நிற்கும் மானுக்குச் செக்கனில் 500 இல் ஒரு பங்கும், பறக்கும் பறவைக்கு 1000 இல் ஒரு பங்கோ அதனினும் குறைவோ நேரம் வைத்தல் நன்று.

மீன்காட்சியகத்தின் கதை வேறு. உலகின் முதலாவது பொது மீன்காட்சியகம் இலண்டன் விலங்ககத்தில் 1853 இல் திறக்கப்பட்டது. அங்கு படுத்திருந்த நீர்யானையை மொண்டிசோன் பிரபு அதற்கு முந்திய ஆண்டிலேயே படம்பிடித்துவிட்டார் என்பது சுவையான செய்தி. நீர்யானை அசையாது கிடந்தது. மீன் அவ்வாறு கிடப்பதில்லை.

மீன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, இல்லாதது வெளிச்சமே. எனவே நீளமான வில்லை இங்கு பயன்படாது. வாய் அகன்ற வில்லையே வேண்டும். எஃப் 5.6 துவாரத்தைவிட எஃப் 1.8 துவாரம் ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உட்செலுத்தும். முன்னதில் செக்கனில் 25 இல் ஒரு பங்கு நேரம் தேவைப்படுமாயின், பின்னதில் 250 இல் ஒரு பங்கு போதும். மீனின் வால் கலங்காது. 50 மி.மீ. எஃப் 1.8 வில்லையே இதற்கு மலிவான வழி. நடுக்கந் தணிக்கும் வசதி எமது கையின் ஆட்டத்தைத்தான் தணிக்கும், மீனின் ஓட்டத்தை அன்று. இதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. ஐ.எஸ்.ஓ. 3200 வரை உயர்த்தத் தயங்க வேண்டியதில்லை. ஃபிளாஷ் வேண்டாம். அது கண்ணாடியில் தெறித்துப் படத்தைக் கெடுக்கும். பல இடங்களில் தடையும் உண்டு. இறப்பர் மறைப்பு ஒன்றை வில்லையிற் பூட்டிக் கண்ணாடியோடு நேராக ஒட்டிப் பிடித்தால் பிரதிபலிப்பு மறையும். சரித்துப் பிடித்தால் தடித்த கண்ணாடி உருவத்தைச் சிதைத்துவிடும்.

ஆடியற்ற கமராக்கள் சந்தையைப் பிடித்துக்கொண்டமையால், ஆடியுள்ள கமராக்கள் பாவித்த நிலையில் மலிவாகக் கிடைக்கின்றன. எமது பரிந்துரையும் அவையே. வில்லையூடாக ரோச் வெளிச்சத்தைப் பாய்ச்சி, உள்ளே பூஞ்சணம் படர்ந்துள்ளதா எனப் பார்த்தல் அவசியம். நிக்கொன் வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டி 3300 போன்ற சிறிய கமராக்களினுள் குவியமோட்டார் இல்லை. மலிவாகக் கிடைக்கும் பழைய 50 மி.மீ. 'டி' வகை வில்லை அவற்றில் தானாகக் குவியாது. கையாற் சுழற்றி ஓடும் மீனைப் பிடிப்பது எளிதன்று. டி 7000 வரிசையில் அந்த மோட்டார் உண்டு. பணத்தைக் கொடுக்குமுன் வில்லையைக் கமராவிற் பூட்டி, பொத்தானை அரைவாசி அழுத்திப் பாருங்கள். வில்லை அசையாவிடில் வேறு கடைக்குச் செல்லலாம்.