சும்மா இருக்கும் கம்ப்யூட்டரைச் சீண்டலாமா?

கம்ப்யூட்டர் குறித்த ஆங்கிலக் குறிப்புகளில் "இஃப் இட் எயின்ட் ப்ரோக், டோன்ட் ஃபிக்ஸ் இட்" என்ற வரி அடிக்கடி வரும். இதற்கு என்ன பொருள் என்று, புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்டனர்.

"பழுதாகாததைப் பழுது பார்க்காதே" என்பதே பொருள். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்று நாம் சொல்வதும் இதனைத்தான். பள்ளி இலக்கணப்படி "இஸ் நாட் ப்ரோக்கன்" என்று வர வேண்டியது, பேச்சு வழக்கில் "எயின்ட் ப்ரோக்" ஆகிவிட்டது.

இதனைப் புகழ் பெறச் செய்தவர் பெர்ட் லான்ஸ். ஜார்ஜியா மாநில வங்கியாளரான இவர், அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரின் அரசில் பட்ஜெட் துறை இயக்குநராக இருந்தார். 1977 மே மாத 'நேஷன்ஸ் பிசினஸ்' இதழில் இவர் சொன்னதாக இந்த வரி வெளியானது. மக்கள் பேச்சில் அதற்கு முன்பே இருந்த வழக்குதான். நன்றாக இருப்பதைப் பழுது பார்ப்பதும், பழுதானதை அப்படியே விட்டுவிடுவதும்தான் அரசின் சிக்கல் என்பது லான்ஸின் கருத்து. முதல் பாதி பழமொழியாக நிலைத்தது. இரண்டாவது பாதியைப் பலரும் மறந்துவிட்டனர். நமக்கு இரண்டுமே தேவை.

முதல் பாதிக்கு எடுத்துக்காட்டு பயாஸ் அப்டேட். இது நடக்கும்போது மின்சாரம் போனால், கம்ப்யூட்டர் மீண்டும் இயங்காமலேயே போகலாம். பாதுகாப்புக்காகவோ, உங்களுக்குள்ள பிரச்னையைத் தீர்க்கவோ தயாரிப்பாளர் தந்தால் மட்டும் இதனை மேற்கொள்ளுங்கள். ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்து வேகம் கூட்டுவதாகச் சொல்லும் புரோகிராம்களையும் தவிர்த்திடுங்கள்.

இரண்டாவது பாதிக்கு எடுத்துக்காட்டு வான்னாக்ரை. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய இது, சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்திற்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களின் பைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. இது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் பைலை, மைக்ரோசாப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. அதனை நிறுவாத கம்ப்யூட்டர்களும் அதுவரை நன்றாகத்தான் இயங்கின. இயங்குகிறது என்பதாலேயே பழுதில்லை என்று சொல்ல முடியாது என்பது அன்று தெரிந்தது.

எனவே, பாதுகாப்பு அப்டேட்களைத் தள்ளிப் போடாதீர்கள். மற்ற மாற்றங்களுக்கு நான் பின்பற்றும் வழி இது: முதலில் முக்கிய பைல்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்திடுவேன். பின் ரெஸ்டோர் பாயின்ட் ஒன்றை ஏற்படுத்துவேன். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்வேன். அப்போதுதான் சிக்கல் வந்தால், எதனால் வந்தது என்று உடனே தெரியும்.